கண்டாங் கெர்பாவும் கருவைக் காக்கும் ஜீவசத்தும்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை தொடங்கும் இடத்தில், தேக்கா சந்தைக்கு அருகே, ஹாம்ப்ஷயர் சாலையில் இன்று தரைப் போக்குவரத்து ஆணையத்தின் அலுவலகமாக விளங்கும் பழைய கட்டடங்களுக்குள்ளேதான், ஒரு காலத்தில் இத்தீவில் ஜனித்தவர்களுள் பெரும்பகுதியினர் முதல் மூச்சை இழுத்தனர். மாட்டு வாணிகம் செழித்திருந்த அந்தப் பகுதிக்கு எருமைத் தொழுவம் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயர் வழங்கியது. அந்தப் பெயரையே தாங்கிய ஆஸ்பத்திரி 1924-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி, தாய்மாருக்கு முப்பது படுக்கைகளோடு, ஏழைகளுக்கான இலவசப் பிரசவ விடுதியாகத் திறக்கப்பட்டது. 1966-ஆம் ஆண்டில் அங்கே நிகழ்ந்த பிரசவங்களின் தொகை 39,835. நாளொன்றுக்கு நூற்றுக்கு மேற்பட்ட சிசுக்கள். உலகத்தில் வேறெந்த ஆஸ்பத்திரியும் அந்தத் தொகையை அப்போது எட்டவில்லை. பிற்காலத்தில் நாட்டின் அதிபராக விளங்கிய பெஞ்சமின் ஷியர்ஸும், இலங்கைத் தமிழரான எஸ். எஸ். இரத்தினமும் தம் மருத்துவப் பணியின் சிறந்த ஆண்டுகளை அங்கே செலவிட்டவர்கள்.

பிரசவ அறையிலே தாயையும் சேயையும் பிழைக்கவைக்கும் வித்தை இவ்வாறு வளர்ந்துகொண்டிருந்த நாள்களில், பிரசவத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே, கரு உருவெடுக்கும் அந்தச் சில நாள்களில், தாயின் உடம்பிலே எந்தச் சத்து இருந்தது, எது இல்லை என்பதைப் பொறுத்தே சில குழந்தைகளின் விதி தீர்ந்துவிடுகிறது என்ற அறிவு வேறு பல இடங்களிலே சிறுகச் சிறுகத் திரண்டுவந்தது. அந்த அறிவு பிறந்த இடங்களுள் கோழிக் கூண்டுகளும் எலிக் கூண்டுகளும் உண்டு. குன்னூரும் திருவல்லிக்கேணியும் கோலாலம்பூரும் உண்டு. தமிழர்களுக்கு இவ்வளவு நெருங்கிய இந்தச் சரித்திரம் நம்மவர்களிடையே அதிகமாகப் பேசப்படாதது எனக்கு நெடுநாளாகக் குறையாகவே பட்டுவருகிறது.

சோற்றுப் பானையிலிருந்து தொடங்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாய் நாட்டிலும் சிங்கப்பூரிலும் பெரிபெரி என்னும் நோய் சுரங்கங்களிலும் சிறைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் மனிதரை வாரிக்கொண்டு போயிற்று. கால்கள் மரத்து, உடல் வீங்கி, இருதயம் தளர்ந்து மாண்டவர்களுள் மிகப் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்; அதே வெயிலில், அதே மழையில், அவர்களைப்போலவே வறுமையில் உழன்ற தமிழ்த் தொழிலாளரையோ அந்நோய் ஏறக்குறையத் தீண்டவே இல்லை. நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் இந்த வேற்றுமையைக் கூர்ந்து நோக்கி, சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் வெளுக்கத் தீட்டிய பச்சரிசி என்றும், தமிழர் உண்டது புழுங்கலரிசி என்றும் கண்டு, அதனை 1907-இல் ஒரு பெரிய நூலாகவே எழுதி வெளியிட்டார். தீட்டிய அரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்பது அவர் கொண்ட முடிவு. காரணம் தவறானாலும், கண்ணால் கண்ட உண்மை தவறவில்லை.

நம் பாட்டிமார் செய்துவந்த காரியம் இதுதான்: நெல்லை அண்டாவிலே ஊறவைத்து, ஆவி கிளம்ப அவித்து, முற்றத்தில் பரப்பிக் காயவைத்து, அதன்பின் குத்தினார்கள். ஊறும்போதும் அவியும்போதும் தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்து கரைந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை. தஞ்சையிலும் திருச்சியிலும் யாரோ என்றோ கண்ட இந்தப் பழக்கம், கப்பலேறிக் கடல் கடந்துவந்து, தோட்டக் காட்டிலே வேறெந்தப் பாதுகாப்பும் இல்லாத ஒரு மக்கள் கூட்டத்தைக் காத்தது.

கோலாலம்பூர் மனநோய் விடுதியில் 1905-ஆம் ஆண்டு இறுதியிலிருந்து ஃபிளெட்சர் என்னும் மருத்துவர், அங்கிருந்தவர்களை வரிசையாக எண்ணச்சொல்லி, ஒருவர் விட்டு ஒருவராகப் பிரித்து, ஒரு சாராருக்குச் சயாம் பச்சரிசியும் மறுசாராருக்குப் புழுங்கலரிசியும் விநியோகித்தார். பச்சரிசி உண்டவர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்டவர்களில் ஒருவர்கூட இந்நோயால் இறக்கவில்லை. தம் சம்மதத்தைச் சொல்ல வழியற்ற மனிதரை வைத்து நடத்திய பரீட்சை அது. அதன் பயனை அனுபவிக்கும் நாம் அந்தப் பதினெட்டு உயிர்களை மறந்துவிடலாகாது. அடுத்துக் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேஸரும் ஸ்டாண்டனும், நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட வந்திருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளரிடையே அதே சோதனையைச் செய்து அதே முடிவை எய்தினர். ஆயின் அவர்கள் செய்த பெரிய காரியம் ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்தது. தீட்டிய அரிசியே தின்ற கோழிகள் கழுத்து வளைந்து கால் மடங்கி விழுந்தன. அரிசியைத் தீட்டும்போது கழிந்த தவிட்டை அதனோடு சேர்த்துக் கொடுத்தபோது அவை விழவில்லை. ஜாவாவிலே எய்க்மன் என்னும் மருத்துவர் முன்னரே கண்டிருந்ததை இவ்விருவரும் ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டினர். சேர்ந்த நஞ்சினால் வந்த நோயன்று, கழிந்த சத்தினால் வந்த நோய் என்பது தெளிவாயிற்று.

கோழிக்கும் கூலியாளுக்கும் தெரிந்த அந்தக் குறைவு, சிசுக்களிடத்தில் எவ்வளவு கொடுமையாக வெளிப்படும் என்பதைச் சிங்கப்பூர் ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அறிந்தது. அரிசி அருகி, மரவள்ளிக் கிழங்கே பலருக்கு உணவான அந்த ஆண்டுகளில், பார்வைக்குப் பெரிய நோய் எதுவும் இல்லாத தாய்மாரின் பாலைக் குடித்த, இரண்டு மூன்று மாதங்களே ஆன குழந்தைகள் திடீரென மூச்சுத் திணறி இறந்தன. அத்தகைய குழந்தை அழும்போது வாய் திறக்கும், முகம் சுருங்கும். குரல் மட்டும் வெளிவராது. தாயின் பாலிலே தயாமின் என்ற ஜீவசத்து, அதாவது வைட்டமின், இல்லாததால் குரல்வளையின் நரம்பு முதற்கொண்டு சோர்ந்துபோன நிலை அது. இந்நோயைப்பற்றிச் சிங்கப்பூரின் குழந்தை மருத்துவ முன்னோடிகளுள் ஒருவரான கோபால் ஹரிதாஸ் எழுதிய கட்டுரை 1947-இல் இலண்டன் மருத்துவ ஏடு ஒன்றில் வெளியாயிற்று. தயாமினை ஊசி வழியே ஏற்றினால், சாகும் தறுவாயிலிருந்த குழந்தை சில மணி நேரத்துக்குள் தேறிப் பால் குடிக்கத் தொடங்கும். குறைந்தது கொடுக்கப்பட்டது, குறை தீர்ந்தது. ஜீவசத்தின் மகிமையைக் கண்ணாரக் கண்ட அந்தத் தலைமுறையினர் அதன்மேல் அளவற்ற நம்பிக்கை வைத்ததில் வியப்பில்லை.

ஆனால் கருப்பையிலே நிகழும் குறை அவ்வாறு பின்னால் கொடுத்துத் தீர்க்கத்தக்கதன்று. இதனை மனிதருக்கு முதலில் உணர்த்தியவை பன்றியும் எலியும். 1933-இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தில் ஹேல் என்பவர் வைட்டமின் ஏ இல்லாத தீனியிலே வளர்த்த ஒரு பன்றி ஈன்ற பதினொரு குட்டிகளில் ஒன்றுக்கேனும் கண்விழி இல்லை. பெற்றோரின் இரத்தத்தில் வந்த பரம்பரைக் குற்றம் என்று அதுவரை எண்ணப்பட்ட ஊனம், தீனியில் ஒரு சத்துக் குறைந்ததனாலேயே நேரக்கூடும் என்பது அன்று வெளியாயிற்று. 1940-இல் சின்சினாட்டி நகரத்து மருத்துவர் வார்க்கனியும் அவரோடு சேர்ந்து ஆய்வு செய்த நெல்சனும், சத்துக் குறைந்த உணவு தின்ற எலிகளின் குட்டிகள் குறுகிய தாடையோடும் பிளந்த அண்ணத்தோடும் ஒட்டிய விரல்களோடும் பிறப்பதைக் கண்டு, ஈரலைச் சேர்த்துக் கொடுத்து அதனைத் தடுத்தனர். தடுத்த பொருள் ரைபோஃபிளேவின் என்னும் ஜீவசத்து எனப் பின்னர் உறுதியாயிற்று.

இங்கே கதை நம் மண்ணுக்குத் திரும்புகிறது. பம்பாய் ஹாஃப்கின் நிலையத்துக்கு 1928-இல் வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர், பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளின் கடுமையான இரத்தசோகைக்குக் காரணம் தேடிப் புறப்பட்டவர். 1929-இல் சில மாதங்கள் நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இருந்து, பம்பாயின் ஏழை முஸ்லிம் பெண்கள் உண்ட உணவையே எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். சினை எலிகள் வெளுத்து, ஈனாமலே இறந்தன. ஈஸ்டு சேர்த்துக் கொடுக்கப்பட்டவை பிழைத்தன. 1931-இன் தொடக்கத்தில் அவர் பணியாற்றிய இடம் சென்னை கோஷா ஆஸ்பத்திரி, அதாவது திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி பெயரால் விளங்கும் மகப்பேற்று மருத்துவமனை. எலிகளுக்குப் பேன் பற்றியிருந்ததனால் எழுந்த ஐயத்தைப் போக்கக் குரங்குகளிடமும் சோதித்து, பிறகு தாய்மாருக்கே கொடுத்துக் குணம் கண்ட பொருள், விலை மலிந்த மார்மைட் என்னும் ஈஸ்டுச் சாறு. சிங்கப்பூர் வீடுகளில் இன்றைக்கும் கஞ்சியில் கரைத்துக் குழந்தைகளுக்கு ஊட்டுகிறார்களே, அதேதான்.

அந்தச் சாற்றில் இருந்த பொருள் எது என்பது பத்தாண்டுகள் வரை தெரியவில்லை. 1941-இல் நான்கு டன் பசலைக்கீரையைப் பிழிந்து அதனை ஓரளவு பிரித்தெடுத்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டவர்களுள் ஒருவரான ரோஜர் வில்லியம்ஸ், உதகமண்டலத்தில் பிறந்தவர். வில்ஸ் எலி வளர்த்த குன்னூருக்கு அடுத்த ஊர். அவருடைய தமையனார், நெல்லூரில் பிறந்த ராபர்ட் வில்லியம்ஸ், பெரிபெரியைத் தீர்க்கும் தயாமினை 1936-இல் செயற்கையாக ஆக்கிய அறிஞர். அன்றைய சென்னை ராஜதானியிலே பிறந்த இரண்டு பாதிரிமார் வீட்டுப் பிள்ளைகள், இந்தக் கட்டுரையில் வரும் இரு பெரும் ஜீவசத்துக்களோடும் தம் பெயரைப் பிணைத்துக்கொண்டனர்.

ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கிய பெருமையோ, வில்ஸ் பணியாற்றிய அதே திருவல்லிக்கேணியில் ஹிந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்றவரும், சென்னை மருத்துவக் கல்லூரியிலே கதர் அணிந்து வகுப்புக்குச் சென்றமையால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாகத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழ் மட்டுமே பெற்றவரும், 1923-இல் பாஸ்டன் நகரம் சென்று பின் திரும்பாதவருமாகிய எல்லாப்பிரகட சுப்பாராவைச் சேர்ந்தது. பீமவரத்துத் தெலுங்கராகிய அவர், ஃபோலிக் அமிலத்தால் குணமாகக்கூடிய ஸ்ப்ரூ என்னும் வயிற்று நோய்க்கு உடன்பிறந்தாரைப் பறிகொடுத்தவர். அவர் தலைமையில் லெடர்லி ஆய்வுக்கூடத்தினர் 1945-இல் அந்த அமிலத்தை உருவாக்கினர். அதனைச் சிறிது மாற்றி, உருவத்தில் ஜீவசத்தைப்போலவே இருந்து, உடலின் அணுக்களுக்குள் ஜீவசத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் வேலையை மட்டும் செய்யாமல் தடுக்கும் அமினோப்டெரின் என்ற மருந்தையும் அதன் தம்பியாகிய மெதோட்ரெக்சேட்டையும் அவர்களே ஆக்கினர். பாஸ்டன் மருத்துவர் ஃபார்பர் 1948-இல் இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரினைக் கொடுத்ததில் 10 குழந்தைகள் தற்காலிகமாகவேனும் தேறினர். புற்று அணுக்கள் விரைந்து பெருகுபவை. பெருக்கத்துக்கு வேண்டிய சத்தை மறித்ததும் அவை தளர்ந்தன. சுப்பாராவ் அதே ஆண்டு ஆகஸ்டில், 53 வயதில் காலமானார்.

விரைந்து பெருகுவது புற்று மட்டுமன்று, கருவும் அவ்வாறே பெருகுகிறது என்பதை எலிகள் உடனே காட்டிவிட்டன. சினையுற்ற எலிக்கு அமினோப்டெரின் கொடுத்தால் கரு அழிந்தது. கலிபோர்னியாவில் பெர்க்லி நகரத்து ஆராய்ச்சியாளர், ஃபோலிக் அமிலத்துக்கு எதிரான வேறொரு பொருளைச் சினையெலிகளுக்குச் சில நாள் மட்டும் கொடுத்து, பிறகு அமிலத்தைத் தாராளமாக ஊட்டி நோக்கினர். தாய் எலி நலமாக இருந்தது. குட்டிகளோ, குறைவு நேர்ந்த நாள்களில் எந்த அவயவம் உருவாகிக்கொண்டிருந்ததோ அந்த அவயவத்தில் ஊனமுற்றுப் பிறந்தன. முன்னே இருந்த நிறைவும் பின்னே வந்த நிறைவும் நடுவில் நேர்ந்த அந்தச் சில நாள் குறைவை ஈடுகட்டவில்லை.

இதற்கும் கூர்மையான பாடம் மாண்ட்ரியல் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அங்கே கிளார்க் ஃபிரேஸர், கார்ட்டிசோன் என்ற மருந்து சுண்டெலிக் குட்டிகளின் அண்ணத்தைப் பிளக்கச்செய்வதை 1950-களின் தொடக்கத்தில் கண்டவர். பின்னர் அவரும் பின்ஸ்கி என்பவரும், நிகோடினமைட் என்னும் ஜீவசத்துக்கு எதிரான ஒரு மருந்தைச் சினைச் சுண்டெலிகளுக்கு ஏற்றிப் பரீட்சித்தனர். மருந்தையும் ஜீவசத்தையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் குட்டிகள் பெரிதும் காக்கப்பட்டன. மருந்தைக் கொடுத்து இரண்டே மணி நேரம் கழித்து ஜீவசத்தைக் கொடுத்தபோது ஊனமுள்ள குட்டிகள் பிறந்தன. 1960-இல் வெளியான அந்த ஆராய்ச்சியை நினைக்கும்போதெல்லாம், இரண்டு மணி நேரம் என்ற அளவு என் மனத்தை உறுத்துகிறது. சிங்கப்பூரிலே சாகக் கிடந்த குழந்தையைத் தயாமின் மீட்ட அதே அளவு நேரம், கருவிலே மீளாத கேட்டுக்குப் போதுமாயிருக்கிறது.

எலிகள் சொன்னதை மனிதர் உடனே கேட்டிருக்கலாம். ஆனால் 1952-இல் அமெரிக்க மருத்துவர் தியர்ஷ், நோயுற்ற பெண்களின் கர்ப்பத்தைக் கலைக்க அமினோப்டெரினைக் கொடுத்தபோது, கலையாமல் தங்கிய கருக்கள் எலிகளிடம் கண்ட ஊனங்களோடே வெளிவந்தன. சில ஆண்டுகளில் தாலிடோமைட் என்னும் தூக்க மருந்து, 1961-இன் இறுதியில் திரும்பப் பெறப்படும் முன், உலகமெங்கும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் கைகால்களைக் குலைத்தது. எலிகளை அது பெரும்பாலும் பாதிக்கவில்லை, முயல்களைப் பாதித்தது. ஒரு பிராணியிடம் கிடைத்த விடையை அப்படியே மற்றொன்றுக்குப் பொருத்தலாகாது என்பதற்கு இதனினும் துயரமான சாட்சி வேண்டியதில்லை.

கருவில் மூளையும் தண்டுவடமுமாகப் போகும் நரம்புக் குழல், கருத்தரித்த இருபத்தெட்டாம் நாள் அளவில் மூடிக்கொள்கிறது. மூடாமல் நின்றால் குழந்தை திறந்த முதுகோடோ, மூளை வளராமலோ பிறக்கும். இவ்வூனத்துக்கும் ஃபோலிக் அமிலக் குறைவுக்கும் தொடர்பு உண்டு என்று இங்கிலாந்தில் ஹிபர்டும் ஸ்மித்தெல்ஸும் 1965-லேயே எழுதினர். அதனை ஐயமற நிறுவ மேலும் 26 ஆண்டுகள் ஆயின. ஏழு நாடுகளில் 33 நிலையங்களில், முன்பே இத்தகைய குழந்தையைப் பெற்றிருந்த தாய்மாரிடையே பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நடத்திய சோதனையின் முடிவு 1991-இல் வெளிவந்தது: கருத்தரிக்கும் முன்பிருந்தே நாள்தோறும் 4 மில்லிகிராம் உட்கொண்டவர்களிடம் ஊனம் நூற்றுக்கு 72 பங்கு குறைந்தது. 1998 முதல் அமெரிக்கா தானிய மாவிலேயே இந்த அமிலத்தைக் கட்டாயமாகக் கலக்கிறது.

இனி மருந்துகளுக்கு வருகிறேன். வலிப்பு நோய்க்குக் கொடுக்கப்படும் வால்புரோயேட் என்னும் மருந்து, கர்ப்பிணிகள் உட்கொண்டால் குழந்தையின் தண்டுவடத்தைத் தாக்கக்கூடும் என்பது 1982-இல் பிரான்சு நாட்டின் லியோன் நகரத்தில் கண்டறியப்பட்டது. ஐந்தாண்டுகளில் பெர்லின் ஆராய்ச்சியாளர், சுண்டெலிகளுக்கு அம்மருந்தோடு ஃபோலிக் அமிலத்தின் ஒரு வடிவமாகிய ஃபோலினிக் அமிலத்தையும் கொடுத்தால் ஊனம் குறைகிறது என்று அறிவித்தனர். நம்பிக்கை பெருகிற்று, ஆனால் வேறு ஆய்வுக்கூடங்களில் அதே பயன் கிட்டவில்லை. 2000-ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, ஃபோலிக் அமிலத்தின் நொதியை நேரே மறிக்கும் மருந்துகளின் கேட்டை ஜீவசத்து மாத்திரைகள் குறைத்தன என்றும், வலிப்பு மருந்துகளின் கேட்டைக் குறைக்கவில்லை என்றும் காட்டிற்று. ஜீவசத்தை எதிர்த்து நின்று கெடுக்கும் மருந்தை ஜீவசத்து வெல்லலாம். வேறு வழியாகக் கெடுக்கும் மருந்தை அது வெல்வதில்லை. மாத்திரை ஒன்றைக் கூடச் சேர்த்துவிட்டால் எந்த மருந்தும் கருவுக்குத் தீங்கற்றதாகிவிடும் என்ற எண்ணம், கூண்டு எலிகள் சொன்னதையும் மீறிய எண்ணமாகும்.

கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரி 1997-இல் புதிய கட்டடத்துக்கு மாறி இன்று கேகே மருத்துவமனையாக வழங்குகிறது. தேக்கா சந்தையில் முருங்கைக்கீரையும் பசலையும் பயறும் தட்டுப்பாடின்றிக் கிடைக்கின்றன. அவற்றிலெல்லாம் இந்த அமிலம் உண்டு. ஆனால் அது நெடுநேரக் கொதியில் கெடும், கீரை வெந்த நீரை வடித்துக் கொட்டினால் அதோடு போகும். ஆகவே கீரை மட்டும் போதும் என்றிருப்பதற்கில்லை. திருமணமாகிக் குழந்தையை விரும்பும் பெண்கள், கருத்தரிக்கக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைத் தொடங்கி, முதல் மூன்று மாதங்கள் முடியும்வரை விடாமல் உட்கொள்ள வேண்டும். முன்பு ஊனமுற்ற குழந்தை பிறந்திருந்தால் அளவை மருத்துவர் கூட்டுவார். வலிப்புக்கோ வேறு நீடித்த நோய்க்கோ மருந்து உண்பவர்கள், அதனைத் தாமாக நிறுத்திவிடாமல், கருத்தரிக்கும் எண்ணம் தோன்றிய அப்பொழுதே மருத்துவரிடம் சென்று, எந்த மருந்து, எவ்வளவு என்று கேட்டறிய வேண்டும். மாதவிலக்குத் தள்ளிப்போனது கண்டு மருத்துவரிடம் போவோம் என்று காத்திருந்தால், நரம்புக் குழல் மூடும் அந்த நாள்கள் பெரும்பாலும் கடந்துபோயிருக்கும்.